சதுரங்க வீரர் சுல்தான் கான்

சென்னை மாநகரின் மேற்றிசையில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. ஏரிகளாலும் கழனிகளாலும் முன்னாளிற் பெயர்பெற்ற இவ்வூர்கள் இந்நாளில் தொழிற்சாலைகளாலும் கல்விச்சாலைகளாலும் பெயர்பெற்று விளங்குகின்றன. காலையில் ஆவடியினின்று சென்னைக்குச் செல்லும் மின்சார இரயிலில் ஏறுவோர், மாணவருட் சிலர் நெரிசலினிடையே ஒரு கையாற் கம்பியைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையிலுள்ள கைப்பேசியின் சிறு திரையை உற்று நோக்கி நிற்றலைக் காண்பர். அவர்கள் கண்டுகொண்டிருப்பது கேளிக்கைக் காட்சியென்று நாம் எண்ணுதல் கூடும். அருகணைந்து பார்த்தால் அறுபத்து நான்கு கட்டங்களும் அவற்றின்மேற் சில காய்களும் தோன்றும். அவர்கள் சதுரங்கப் புதிரை அவிழ்க்க முயல்கின்றனர்.

இதில் வியப்பொன்றுமில்லை. இப்பகுதியைச் சார்ந்த முகப்பேரிற் பயின்றவர் பிரக்ஞானந்தா; மேல் அயனம்பாக்கத்திற் பயின்றவர் குகேஷ். 2022-ஆம் ஆண்டில் உலக நாடுகளின் சதுரங்க ஒலிம்பியாட் நமது மாமல்லபுரத்திலே நடைபெற்றது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் குகேஷ் தமது பதினெட்டாம் வயதிலேயே சிங்கப்பூரில் உலக வாகையர் பட்டம் பெற்றார். இவற்றைக் கண்ட நம் சிறார் புதிர்களை நாடுதல் இயல்பேயாம்.

புதிராவது யாது? ஆட்டத்தின் நடுவில் எழுந்ததொரு நிலையை எடுத்துக் காட்டி, வெள்ளை முதலில் ஆடி இத்தனை நகர்த்தல்களில் வெல்லவேண்டும் என்று விதிப்பதே புதிர். ஒரு குதிரையைக்கொண்டு அரசனையும் யானையையும் ஒருங்கே தாக்குதல், அரசனுக்கு முன் நிற்கும் காயை அசையவொட்டாமற் செய்தல், அரும்பெருங் காயொன்றை வலியக் கொடுத்துப் பகையரசனைச் சிறைப்படுத்தல் முதலிய உபாயங்கள் அதனுள் மறைந்து கிடக்கும். இவற்றை நாள்தோறும் பயில்வார்க்குக் கண் கூர்மையடையும், பொறுமையும் வளரும். ஆயினும் புதிருக்கு ஒரு குறையுண்டு. இந்நிலையில் வெற்றி இருக்கின்றது என்பதை அது முன்னரே நமக்குச் சொல்லிவிடுகின்றது. மெய்யான ஆட்டத்தில் அங்ஙனம் சொல்வார் எவருமிலர். வெற்றி உளதோ இலதோ என்பதையும் ஆடுவோனே காணல் வேண்டும்.

இத்தகைய நிலைகளைத் தொகுத்து நூலாக்குதல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்னும் பண்டிதர் வடமொழியில் எழுதிய சதுரங்க நூலொன்று ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பெற்று 1814-ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சாயிற்று. அந்நூலின் பெரும்பகுதி, பயில்வோர் சிந்தித்து முடிவு காண்பதற்குரிய நிலைகளேயாகும். அந்நூல் வெளிவந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்சென்றபின், அதனையோ ஐரோப்பியர் இயற்றிய எண்ணிறந்த சதுரங்க நூல்களையோ துணைக்கொள்ளாமலே உலகப் பெருவீரர்களை எதிர்த்து நின்ற ஓர் இந்தியர் தோன்றினார். அவரே சுல்தான் கான். அவருடைய வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் காண்போம்.

சுல்தான் கான் 1903-ஆம் ஆண்டில் பஞ்சாபிலுள்ள மிட்டா திவானா என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இந்நாளிற் பாகிஸ்தானைச் சேர்ந்த குஷாப் மாவட்டத்தில் இருக்கின்றது. தந்தையார் மியான் நிஜாம்தீன் என்பவர். சமயப் பெரியார் மரபில் வந்தவர். அவர் தம் மைந்தனுக்கு ஒன்பதாம் வயதில் நம் நாட்டு முறைச் சதுரங்கத்தைக் கற்பித்தார். பிள்ளையின் திறம் நாளுக்கு நாள் ஓங்கிற்று. இருபத்தொரு வயது நிரம்புமுன் பஞ்சாபில் அவரை வெல்வார் இல்லை என்னும் பெயர் பரவிற்று.

அக்காலத்தில் நம் நாட்டில் வழங்கிய சதுரங்கத்துக்கும் ஐரோப்பியர் ஆடிய சதுரங்கத்துக்கும் வேறுபாடுகள் பல இருந்தன. ஐரோப்பிய முறையிற் காலாள் தன் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டங்கள் செல்லலாம். நம் முறையில் ஒரு கட்டமே செல்லும். அவர்கள் முறையில் அரசனையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி அரசனைக் காவலில் வைத்தல் உண்டு. நம் முறையில் அஃதில்லை. அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப்போற் பாயலாம். காலாள் எதிர்க்கரையை அடைந்தவிடத்து, அவர்கள் விரும்பிய காயாக அதனை உயர்த்திக்கொள்வர். நம் முறையில் அது சென்றடைந்த வரிசைக்குரிய காயாகவே மாறும். ஆகவே நம் நாட்டு ஆட்டம் மெல்லத் தொடங்கும். நெடுநேரம் காய்களைச் சீர்ப்படுத்திக்கொண்டு பின்னரே போர் மூளும். தொடக்க நகர்த்தல்களை மனனஞ் செய்தலால் அதில் வரும் பயன் சிறிது. களத்தை நோக்கி நோக்கி உண்மை காண்டலே அதற்கு வேண்டுவது. சுல்தான் கானின் அறிவு இப்பள்ளியிற் பயின்ற அறிவாகும்.

பஞ்சாபிற் பெருநிலக்கிழாராகவும் அரசாங்கத்திற் செல்வாக்குடையவராகவும் விளங்கிய ஸர் உமர் ஹயாத் கான் என்பார் சதுரங்கத்திற் பேரார்வங் கொண்டவர். அவர் இவ்விளைஞரின் திறத்தைக் கண்டு, தம் ஆதரவில் அமர்த்திக்கொண்டு ஐரோப்பிய முறையைப் பயில்வித்தார். 1928-ஆம் ஆண்டில் நடைபெற்ற அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களில் வென்று, ஓராட்டத்தைச் சமனாக முடித்து, ஒன்றிலும் தோலாமல் முதன்மை பெற்றார். மறு ஆண்டு இளவேனிற் காலத்தில் ஸர் உமர் அவரை லண்டன் மாநகர்க்கு அழைத்துச் சென்றார்.

அங்கே முதலில் நேர்ந்தது தோல்வியே. அவருடைய ஆற்றலை அளந்தறியும்பொருட்டுச் சிறிய போட்டியொன்று நடத்தப்பெற்றது. அதில் வின்ட்டர், யேட்ஸ் என்னும் ஆங்கில வீரர்கள் மேம்பட்டு நின்றனர். சுல்தான் கானோ கோண்டே என்பாருடன் கடைசியிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஐரோப்பியர் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து எழுதிவைத்த தொடக்க முறைகள் அவருக்குத் தெரியா. எதிரிகள் ஏட்டிற் கண்ட வழியில் விரைந்து செல்ல, அவர் ஒவ்வோரடியையும் தாமே தேடி வைக்கவேண்டியிருந்தது. ஆங்கிலம் அவருக்கு மிகச் சிறிதே தெரியுமாகலின் அந்நூல்களைத் தாமே படித்துத் தேறவும் இயலவில்லை.

இந்நிலையில் வின்ட்டரும் யேட்ஸும் செய்த உதவி போற்றத்தக்கது. தம்மொடு போட்டியிட இருப்பவர் என்று கருதாமல் அவ்விருவரும் அவருடன் அமர்ந்து ஆடிப் பயிற்சி அளித்தனர். சில திங்கள் சென்றபின் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை நகரில் 1929-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாகையர் போட்டி நடைபெற்றது. பிரிட்டிஷ் பேரரசின் குடிகள் யாவரும் அதிற் கலந்துகொள்ளும் உரிமை உடையர். யாரும் எதிர்பாராவண்ணம் சுல்தான் கான் அப்பட்டத்தைக் கைக்கொண்டார். கோடையின் முற்பகுதியிற் கடைசியில் நின்றவர் அக்கோடை முடியுமுன் தலைமை பெற்றார். ஐரோப்பிய முறையை அவர் கற்று முதிர்ந்த ஆண்டுகள் மிகச் சிலவே என்பதை நினைக்குங்கால் இவ்வெற்றியின் அருமை விளங்கும்.

இதன்பின் அவர் தாய்நாடு திரும்பி, 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் ஐரோப்பா சென்றார். அவ்வாண்டில் பெல்ஜியத்திலுள்ள லியேஜ் நகரப் போட்டியிற் தார்தாகோவர் முதலிடம் பெற, சுல்தான் கான் இரண்டாமிடம் பெற்றார். ஆண்டின் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் நகரிற் கூடிய போட்டியில் யூவே, காபாபிளாங்கா என்னும் இருவர்க்கும் அடுத்து மூன்றாமவராக நின்றார். அப்போட்டியிலேதான் அவர் பெயரை என்றும் நிலைநிறுத்திய ஆட்டம் நிகழ்ந்தது.

கியூபா நாட்டினராகிய காபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வாகையராய் இருந்தவர். 1916 முதல் 1924 வரை எட்டாண்டுகள் எவரிடத்தும் ஓராட்டமும் தோலாதவர். அவர் கருங்காய்களோடு அமர, சுல்தான் கான் வெண்காய்களோடு எதிரே அமர்ந்தார். இருபத்தோராம் நகர்த்தலிற் காபாபிளாங்கா தம் யானையொன்றைப் பகைவனது முதல் வரிசையிற் புகுத்தி அரசனைத் தாக்கினார். அடுத்த நகர்த்தலிலேயே மற்றை யானையாலும் தாக்கினார். சில நகர்த்தல்களில் வெள்ளையின் அரசி வீழ்ந்தாள். அதற்கு ஈடாகக் கறுப்பின் இரண்டு யானைகளும் வீழ்ந்தன.

புதிர்நூலாயின் இங்கே விடை முடிந்திருக்கும். ஆட்டமோ இங்கேதான் தொடங்கிற்று. அரசி எத்திசையும் செல்ல வல்லவள். இரண்டு யானைகளோ நேர்வழியே செல்வன. காண்போர் கண்ணுக்கு அரசியை உடையவரே வலியராகத் தோன்றுவர். ஆனால் களத்தின் நடுவில் இருதிறத்துக் காலாட்களும் ஒன்றோடொன்று முட்டி வழியை அடைத்து நின்றன. அத்தகைய களத்தில் அரசியின் வேகம் பெரிதும் பயன்படாது; ஒன்றுபட்ட இரு யானைகளின் வலிமையே மெல்ல மெல்ல மேலோங்கும். சுல்தான் கான் இதனை நன்குணர்ந்திருந்தார். அவர் விரையவில்லை, தம் அரசனைக் காத்து, காய்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சீர்ப்படுத்தி, அரசிக்குச் செல்லும் இடம் சுருங்கும்படி நெருக்கினார். அறுபத்தைந்தாம் நகர்த்தலிற் காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். மின்னலைப்போன்ற சூழ்ச்சியால் வந்த வெற்றியன்று இது. எவரும் வினாவாத வினாவுக்கு நாற்பது நகர்த்தல்கள் அளவும் விடை தேடிச்சென்ற பொறுமையால் வந்த வெற்றி.

பின்னைய ஆண்டுகளில் அவருடைய புகழ் மேன்மேலும் ஓங்கிற்று. 1931-ஆம் ஆண்டிற் தார்தாகோவருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடி, நான்கில் வென்று, மூன்றில் தோற்று, ஐந்தைச் சமனாக்கி வாகை சூடினார். 1932-இல் ஃப்ளோருடன் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளியாற் பின்தங்கினார். அவ்வாண்டு லண்டன் போட்டியில் அலெஹின், ஃப்ளோர் இருவர்க்கும் அடுத்த இடத்தைக் காஷ்டன் என்னும் அமெரிக்கருடன் பகிர்ந்துகொண்டார். பிரிட்டிஷ் வாகையர் பட்டம் 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அவரிடமே வந்தது.

நாடுகள் கூடி ஆடும் ஒலிம்பியாட்டில் 1930-இல் ஹாம்பர்க், 1931-இல் பிராக், 1933-இல் ஃபோக்ஸ்டன் ஆகிய மூன்றிடங்களிலும் இங்கிலாந்தின் முதற்பலகையில் அமர்ந்தவர் இப்பஞ்சாபியரே. அடிமைப்பட்ட நாட்டின் மைந்தரொருவர் ஆளும் நாட்டின் அணிக்கு முன்னின்று ஆடியது அக்காலத்தில் விந்தையாகவே தோன்றியிருக்கும். பிராக் நகரில் அவர் பதினேழு ஆட்டங்களில் எட்டில் வென்று, ஏழைச் சமனாக்கி, இரண்டில் மட்டுமே தோற்றார். அவரிடம் தோற்றோருள் ஃப்ளோரும் ரூபின்ஸ்டைனும் இருந்தனர். அக்கால உலக வாகையரான அலெஹின் சமனோடு அமைந்தார். உலகின் முதற் பதின்மருள் அவரும் ஒருவர் என அறிஞர் மதித்தனர்.

இவ்வெற்றிகளுக்கிடையே அவர் பட்ட துன்பங்களும் பல. இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. மலேரியாக் காய்ச்சலும் சளியும் அவரை அடிக்கடி வருத்தின. கழுத்திற் துணி சுற்றிக்கொண்டு பலகைமுன் அமர்ந்த நாட்களும் உண்டு. மொழி அறியாமையால் உடன் ஆடுவோருடன் மனம் விட்டுப் பேசவும் வாய்ப்பில்லை. இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. மேனாட்டு எழுத்தாளர் பலர் அவரை எழுத்தறிவற்றவர் என்றும், ஒரு செல்வரின் ஏவலாள் என்றும் எழுதிவைத்தனர். அக்கதை நூல்தோறும் பரவிற்று. அவருடைய குடும்பத்தாரோ அவர் நிலமுடைய நற்குடியிற் பிறந்தவர், எழுதப் படிக்க அறிந்தவர் என்று அண்மைக்காலத்தில் விளக்கி எழுதியுள்ளனர். ஆங்கிலம் அறியாமை வேறு, கல்லாமை வேறு. தம் மொழி தெரியாதவரை ஏதும் தெரியாதவரென்று கருதும் பிழை எந்நாட்டார்க்கும் எளிதில் நேர்வதாகலின், இதனை நாமும் நினைவிற் கொள்ளல் நன்று.

ஸர் உமருடைய இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் மங்கையாரும் அவ்வில்லத்திலேயே சதுரங்கம் பயின்றவர். 1933-ஆம் ஆண்டிற் சுல்தான் கான் ஆடவர்க்குள் முதல்வராக நின்ற அதே காலத்தில், அவ்வம்மையார் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார். ஓரில்லத்தார் இருவர் ஓராண்டில் இரு பட்டங்களையும் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

இவ்வெழுச்சி அவ்வாண்டோடு நின்றுவிட்டது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஸர் உமர் தாய்நாடு திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பது. ஐரோப்பியக் களத்தில் அவர் ஆடிய காலம் ஐந்தாண்டும் நிரம்பாது. 1935-ஆம் ஆண்டிற் காடில்கர் என்பாருடன் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்பதில் வென்று ஒன்றைச் சமனாக்கினார். அதன்பின் பெரும் போட்டிகளில் அவரைக் காணோம். ஆற்றல் குன்றியதாற் களத்தை விட்டாரல்லர். கப்பற் செலவும் தங்குமிடமும் அளித்த கை விலகியபின் மேனாட்டுக்குச் செல்ல அவருக்கு வழியில்லை. நம் நாட்டில் அவரை ஏந்தி நிற்கும் கழகமோ அரசோ அந்நாளில் இல்லை. மாமரம் தோட்டக்காரன் ஒருவனையே நம்பி நிற்பின், அவன் நீங்கிய ஆண்டிலே காய்ப்பும் நின்றுவிடுமன்றோ?

1944-ஆம் ஆண்டில் ஸர் உமர் காலமானார். 1947-ஆம் ஆண்டில் நாடு பிரிந்தபோது சுல்தான் கானின் ஊர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. அவர் தம் முன்னோரின் நிலத்திற் பயிர்செய்து மனைவி மக்களோடு அமைதியாக வாழ்ந்தார். தம் மக்கட்குச் சதுரங்கத்தைத் தொழிலாகக் கற்பிக்க அவர் விரும்பவில்லை. அதனினும் பயனுள்ள வேறொன்றைச் செய்யுமாறு அறிவுறுத்தினார் என்பர். ஒருவர் தாம் உலகப் புகழ் பெற்ற கலையைத் தம் மக்கட்கு வேண்டாவென்று ஒதுக்குதல் எத்துணை வேதனையின் பயனாக இருத்தல் வேண்டும்! 1950-ஆம் ஆண்டில் உலகச் சதுரங்கச் சங்கம் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை முறைப்படி வழங்கத் தொடங்கியபோது, பழைய வீரர் பலர்க்கும் அது கிடைத்தது. அப்போது உயிரோடிருந்த சுல்தான் கானுக்குக் கிடைத்திலது. 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் சர்கோதா நகரில் எலும்புருக்கி நோயால் அவர் உயிர் நீத்தார். அப்பட்டம் கௌரவமாக அவருக்கு அளிக்கப்பெற்றது 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலேதான். அஃதாவது அவர் மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகவிருந்தபோது.

அவர் வாழ்வினின்று நாம் அறியத்தக்கன இரண்டு. முதலாவது, ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும் அதனைத் தாங்கும் கைகள் பல வேண்டும் என்பது. இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு சிறுவனுக்குச் சதுரங்க அறிவு இருப்பின், அதனைக் கண்டறிந்து வளர்க்கப் பள்ளியுண்டு, ஆசிரியருண்டு, போட்டிகளுண்டு. ஒருவர் கைவிடினும் மற்றொருவர் ஏற்பர். சுல்தான் கானுக்கு இருந்தவர் ஒருவரே. நம்முள் வேறு துறைகளில் அவரைப்போல் ஒருவரையே நம்பி நிற்கும் இளைஞர் இன்றும் இருத்தல் கூடும். அவர்களைக் கண்டு கைகொடுத்தல் கற்றோர் கடனாகும்.

இரண்டாவது, கற்கும் முறையைப் பற்றியது. ஏடுகள் அவருக்கு இல்லாமற் போனது குறையே; அதனைப் பெருமையென்று கூறுவார் அறியாதவர். தொடக்க நகர்த்தல்களை அறியாமையால் அவர் இழந்த ஆட்டங்கள் உண்டு. அக்குறையிருந்தும் அவரை உயர்த்தியது, பிறர் சொல்லாமல் தாமே கண்ட பழக்கம். நமக்கோ இரண்டும் கிட்டும். ஏடும் நம்மிடம் உண்டு, கண்ணும் உண்டு. ஆனால் புதிரின் விடை ஒரு தட்டலில் தோன்றும் இந்நாளிற் கண்ணை மறந்து விடையையே நாடும் சோம்பல் நம்மை எளிதிற் பற்றுகின்றது. சதுரங்கத்தில் மட்டுமன்று, கணக்கிலும், மொழிபெயர்ப்பிலும், ஆய்வுச்சாலையிலும் இதுவே நிகழ்கின்றது.

ஆதலின் காலை இரயிலிற் புதிர் அவிழ்க்கும் மாணவ அன்பர்க்கு ஒன்று கூற விழைகின்றேன். அடுத்த முறை புதிரைத் திறக்கும்போது, எத்தனை நகர்த்தலில் வெற்றி என்று கூறும் வரியை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெற்றி உண்டோ, காத்திருத்தலே கடனோ என்பதை முதலில் நீங்களே துணிந்து, பின்னர் விரலை எடுங்கள். வில்லிவாக்கம் வருமுன் விடை கிட்டாமற் போகலாம், போகட்டும். சென்னை சேருமளவும் அந்நிலையை நெஞ்சில் நிறுத்தி எண்ணிக்கொண்டே செல்லுங்கள். மிட்டா திவானாவிலே தந்தையின் எதிரில் அமர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் சதுரங்கம் கற்றது அவ்வாறேயாம்.